மண்புழுவும் மடாலயமும் ஒரே புத்தகத்தில்

ஒரு ஊரின் வரலாற்றை எழுத உட்கார்ந்தால் நம்மில் பெரும்பாலோர் கோயிலில்தான் தொடங்குவோம். எந்த அரசன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஊர்ப்பெயர் முதலில் எங்கே வருகிறது, காணியாளர்கள் எந்தக் குலத்தார் என்று பேச்சு போகும். பறவை பார்க்கிற நண்பர் அதே ஊருக்கு வந்தால் நேராகக் குளத்தங்கரைக்குப் போவார். கரை மேட்டில் பாதி புதைந்து நிற்கும் நடுகல் அவர் கண்ணில் படாது. கல்வெட்டுப் படிக்கிறவருக்கோ, தலைக்கு மேல் கத்திக்கொண்டே பறப்பது என்ன குருவி என்ற கேள்வியே எழாது. இரண்டும் தனித்தனித் துறை, தனித்தனிக் கூட்டம் என்று ஆகிவிட்டது.

சுமார் 250 ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தின் ஒரு சிற்றூரில் வாழ்ந்த பாதிரியார் ஒருவர் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். மண்புழு நிலத்துக்கு என்ன செய்கிறது என்று கேட்ட அதே மனிதர், ஊருக்கு வெளியே இருந்த பழைய மடாலயத்தின் கற்கள் எங்கே போயின என்றும் கேட்டார். அங்கே ஊர்ப் பாதிரியார்களே இயற்கையை ஆராய்கிறவர்களாகவும் பழம்பொருள் தேடுகிறவர்களாகவும் இருந்த ஒரு நீண்ட மரபு உண்டு. அந்த மரபில் எல்லோரும் முதலில் சொல்லும் பெயர் இவருடையதுதான். அது என்ன மரபு, எப்படி நடந்தது என்று புதிதாகத் தெரிந்துகொள்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கொங்கு நாட்டில் இருந்துகொண்டு எழுதுவதால் நம் ஊர்க் கல்லும் குருவியும் நடுநடுவே வந்துகொண்டே இருக்கும்.

கில்பர்ட் ஒயிட் யார்?

1720 ஜூலை 18 அன்று, இங்கிலாந்தின் தென்பகுதியில் ஹாம்ப்ஷயரைச் சேர்ந்த செல்போர்ன் என்ற ஊரில் பிறந்தவர் கில்பர்ட் ஒயிட். லண்டனிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 80 கிலோமீட்டர். அவருடைய தாத்தா அந்த ஊர்ப் பங்குக் குரு, அதாவது ஊர்த் தேவாலயத்தின் பொறுப்பில் இருந்த பாதிரியார். அவர் பெயரும் கில்பர்ட் ஒயிட்தான். பேரன் பிறந்தது அந்தக் குருமனையிலேயே. ஆக்ஸ்போர்டில் ஓரியல் கல்லூரியில் படித்து 1743இல் பட்டம் வாங்கினார், 1749இல் முழுக் குருவானார்.

செல்போர்னுக்குப் பங்குக் குருவை நியமிக்கும் உரிமை ஆக்ஸ்போர்டின் இன்னொரு கல்லூரியான மாக்டலென் கையில் இருந்தது. ஒயிட் படித்தது ஓரியல் கல்லூரி என்பதால், சொந்த ஊரின் பங்குக் குரு பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. வேறு ஊர்ப் பதவிகள் தேடி வந்தபோதும் ஊரைவிட்டுப் போக அவருக்கு மனம் வரவில்லை. சுற்றுவட்டாரத்திலும் செல்போர்னிலும் உதவிக் குருவாகவே காலம் கழித்தார். செல்போர்னில் மட்டும் நான்கு முறை அந்த வேலையைப் பார்த்தார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'தி வேக்ஸ்' என்ற தம் வீட்டில் தோட்டம் போட்டுக்கொண்டு இருந்து, 1793 ஜூன் 26 அன்று இறந்தார். கல்லறைக் கல்லில் பெயரின் முதலெழுத்துகளும் தேதியும் மட்டும் இருக்கின்றன.

வெளியிலிருந்து பார்த்தால் வாழ்க்கை இவ்வளவுதான். பெரிய பயணம் இல்லை, பதவி உயர்வு இல்லை. ஆனால் இறப்பதற்கு நான்கரை ஆண்டுகளுக்கு முன், 1788 இறுதியில், ஒரு புத்தகம் வெளிவந்தது. அட்டையில் 1789 என்று ஆண்டு. பதிப்பித்தவர் அவருடைய தம்பி பெஞ்சமின். 'செல்போர்னின் இயற்கை வரலாறும் தொல்பொருட்களும்' என்பது தலைப்பு. தாமஸ் பென்னன்ட், டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற இரண்டு அறிஞர்களுக்கு எழுதிய கடிதங்களின் வடிவத்தில் இயற்கைப் பகுதி இருக்கிறது. அதற்குப் பின்னால் பழம்பொருள் பகுதி. அன்றிலிருந்து இன்றுவரை அச்சில் இல்லாத காலமே இல்லை என்னும்படி அந்தப் புத்தகம் திரும்பத் திரும்ப வெளிவந்திருக்கிறது.

ஏன் பாதிரியார்கள்?

இந்தக் கேள்வியில்தான் மரபின் அடிப்படை இருக்கிறது. அன்றைய இங்கிலாந்தில் ஒவ்வொரு ஊருக்கும், அல்லது சில சிற்றூர்கள் சேர்ந்த ஒரு பங்குக்கும், படித்த மனிதர் ஒருவர் கட்டாயம் இருந்தார். குடியிருக்க வீடு, சாப்பாட்டுக்கு வருமானம் எல்லாம் திருச்சபை வழியாக வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வேலை அதிகம், மற்ற நாட்களில் ஓரளவு நேரம் உண்டு. நோயாளியைப் பார்க்க, சாவு வீட்டுக்குப் போக, ஞானஸ்நானம் கொடுக்க என்று ஊரின் எல்லாச் சந்துகளிலும் எல்லாப் பருவத்திலும் அவர் நடந்தாக வேண்டும். ஒரே பாதையை முப்பது நாற்பது வருடம் நடக்கிற படித்த மனிதருக்கு, போன வருடம் இல்லாத பூ இந்த வருடம் பூத்திருப்பது கண்ணில் படாமல் போகாது.

இன்னொன்று, ஊர்ப் பதிவேடுகள் அவர் கையில் இருந்தன. பிறப்பு, திருமணம், இறப்பு ஆகியவற்றை எழுதிவைக்கும் வழக்கம் 1538லிருந்து அங்கே சட்டமாக இருந்தது. ஊரார் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கைத் திருச்சபைக்குக் கொடுக்க வேண்டும் என்பதால் எந்த வயலில் என்ன விளைகிறது என்பதும் அவருக்குத் தெரியும். அதோடு லத்தீன் தெரியும். ஐந்நூறு ஆண்டு பழைய நிலப் பத்திரம் இருப்பது லத்தீனில். செடிக்கும் பறவைக்கும் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அப்போதுதான் வைத்துக்கொண்டிருந்த அறிவியல் பெயர்களும் லத்தீனில். பழம்பொருளும் இயற்கையும் ஒரே மேசையில் வந்து சேர்ந்ததற்கு இந்த மொழிப் படிப்பும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

சமயமும் இதற்குத் தடையாக இல்லை. ஜான் ரே என்ற தாவரவியலாளர், அவரும் குருப்பட்டம் பெற்றவர்தான், 1691இலேயே இயற்கையைக் கவனிப்பது இறைவனின் ஞானத்தை அறிகிற வழி என்று வாதிட்டு எழுதிவிட்டார். அதனால் வண்டு பொறுக்குகிற பாதிரியாரை ஊரார் யாரும் தப்பாக நினைக்கவில்லை. சார்லஸ் டார்வினே கேம்பிரிட்ஜில் படிக்கப் போனது பாதிரியார் ஆவதற்காகத்தான். அவருக்கு வழிகாட்டிய தாவரவியல் பேராசிரியர் ஹென்ஸ்லோவும் ஒரு பாதிரியார்.

பார்ப்பதும் எழுதுவதும்

ஒயிட் 1751இல் தோட்டக் குறிப்பேடு ஒன்றைத் தொடங்கினார். என்று என்ன விதைத்தார், என்று முளைத்தது என்ற அளவில்தான் அது இருந்தது. 1768லிருந்து அது விரிந்தது. பாரிங்டன் அவருக்குக் கட்டம் போட்டு அச்சடித்த தாள்களை அனுப்பினார்: காற்றழுத்தம், வெப்பம், காற்றின் திசை, மழை அளவு, முதலில் துளிர்த்த மரம், முதலில் பூத்த செடி, முதலில் தென்பட்ட பறவையும் பூச்சியும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்புவரை, இருபத்தைந்து ஆண்டுகள், அவர் அதை நிரப்பினார். புத்தகத்தின் அழகான பத்திகள் பல இந்தக் கட்டங்களிலிருந்து எழுந்தவை.

அவர் வேலை செய்த விதத்துக்கு நல்ல உதாரணம் கதிர்க்குருவிகள். பச்சையும் மஞ்சளும் கலந்த, விரல் நீளச் சின்னக் குருவி. எல்லோரும் அதை ஒரே இனம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஒயிட்டுக்குப் பாட்டு மூன்று விதமாகக் கேட்டது. பாட்டை வைத்துத் தேடிப் போய், பறவையைக் கையில் எடுத்து அளவும் நிறமும் பார்த்து, இவை மூன்று தனி இனங்கள் என்று 1768இல் எழுதினார். காதால் இனம் பிரிப்பது இன்றைக்குப் பறவை பார்ப்பவர்களுக்குச் சாதாரணம். அன்றைக்கு அது புதிது. நம் பக்கத்திலும் இதே பாடம் குளிர்காலத்தில் கிடைக்கும். கிளுவை வேலிக்குள்ளிருந்து யாரோ நாக்கைத் தட்டுவதுபோல் "டக், டக்" என்று கேட்டால் அது பெரும்பாலும் பிளித் நாணல் கதிர்க்குருவி. வேப்ப மரத்தின் மேல்கிளையிலிருந்து கூர்மையாக "ச்சிவீ" என்று வந்தால் பச்சைக் கதிர்க்குருவியைத் தேடலாம். இரண்டுமே கண்ணுக்கு எளிதில் அகப்படாதவை. இரண்டுமே நம்மூரில் கூடு கட்டாத விருந்தாளிகள்.

எதையும் அளந்து பார்க்கும் பழக்கம் அவருக்கு இருந்தது. கோதுமைத் தாளில் கூடு கட்டும் சின்னஞ்சிறு வயல் எலியை பிரிட்டனில் தனி இனமென்று முதலில் சொன்னவர் அவர். அது எவ்வளவு சிறியது என்று காட்ட, தராசின் ஒரு தட்டில் இரண்டு எலிகளையும் மறு தட்டில் ஒரு செப்பு அரைப்பென்னிக் காசையும் வைத்தார். சரியாக இருந்தது. ஊரில் கிணறுகளின் சராசரி ஆழம் 63 அடி என்று எழுதிவைத்தார்.

எனக்கு மிகவும் பிடித்த கணக்கு விளக்குக் கணக்கு. ஏழைகள் மெழுகுவத்தி வாங்க முடியாமல், கோரைத் தண்டின் தோலை உரித்து உள்ளிருக்கும் தக்கையைக் கொழுப்பில் தோய்த்து எரித்தார்கள். ஒயிட் காய்ந்த தண்டுகளை ஒரு பவுண்டு நிறுத்து எண்ணினார்: 1,600க்கு மேல் இருந்தன. ஒன்று ஏறத்தாழ அரை மணி நேரம் எரிகிறது. அப்படியானால் ஒரு பவுண்டில் 800 மணி நேர வெளிச்சம், செலவு மூன்று ஷில்லிங். தண்டைப் பறிப்பது யார், தோலை எப்படி உரிக்க வேண்டும், ஏன் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய பட்டையை விட்டுவைக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தக் கடிதத்தில் இருக்கிறது. இது தாவரவியலா, பொருளாதாரமா, ஊர் வரலாறா? மூன்றும்தான். நம் அமுச்சிமார் (பாட்டிமார்) ஆமணக்கு எண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் சமைத்த காலத்தில், ஒரு இரவுக்கு எவ்வளவு எண்ணெய் ஆயிற்று, அந்த எண்ணெய்க்கு எத்தனை வள்ளம் ஆமணக்கு முத்து வேண்டியிருந்தது என்று யாராவது எழுதிவைத்திருந்தால் இன்றைக்கு எவ்வளவு பெரிய செல்வமாக இருக்கும்!

மண்புழு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. தோட்டக்காரர்கள் மண்புழுவைத் தொல்லை என்று நினைத்த காலம் அது. 1777இல் பாரிங்டனுக்கு எழுதிய கடிதத்தில், புழுக்கள் மண்ணைத் துளைத்து இளக்கி, மழை நீரும் வேரும் உள்ளே இறங்க வழி செய்கின்றன, இலையையும் துரும்பையும் உள்ளே இழுத்துச் செல்கின்றன, மண்ணை உருண்டை உருண்டையாக வெளியே தள்ளி நிலத்துக்கு எருவாக்குகின்றன, இவை இல்லாவிட்டால் நிலம் இறுகி உயிரற்றுப் போகும் என்று அவர் வாதிட்டார். நல்ல மனிதர் யாராவது இதை முழுதாக ஆராய வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். நூறாண்டு கழித்து, 1881இல், டார்வின் தம் கடைசிப் புத்தகத்தை மண்புழுவைப் பற்றியே எழுதினார். இன்று காங்கேயம், கோபி பக்கம் இயற்கை விவசாயம் செய்கிறவர்கள் மண்புழு உரத்தைப் பற்றிச் சொல்வதில் பாதி அந்தக் கடிதத்திலேயே இருக்கிறது.

அவர் தவறிய இடமும் உண்டு. தகைவிலான் குருவிகள் குளிர்காலத்தில் எங்கே போகின்றன என்பது அன்று பெரிய சர்ச்சை. குளத்துச் சேற்றுக்குள் புதைந்து தூங்குகின்றன என்றுகூடப் பலர் நம்பினார்கள். ஒயிட்டின் இன்னொரு தம்பி ஜான் ஜிப்ரால்டரில் படைக்குப் பாதிரியாராக இருந்தார். குருவிகள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டுவதை அவர் எழுதி அனுப்பினார். அதை ஒயிட் ஏற்றுக்கொண்டார். ஆனாலும் கடைசியாகப் பொரித்த சில குஞ்சுகளாவது ஊரிலேயே எங்கேயோ ஒளிந்து தூங்குமோ என்ற சந்தேகம் அவரை விடவே இல்லை. பொந்துகளையும் புதர்களையும் தேடச் சொன்னார், ஒன்றும் அகப்படவில்லை. அகப்படவில்லை என்பதையும் மறைக்காமல் எழுதினார். இங்கிலாந்துத் தகைவிலான்கள் தென்னாப்பிரிக்காவரை போய்த் திரும்புகின்றன என்பது வெகு பின்னால், காலில் வளையம் மாட்டி அனுப்பத் தொடங்கியபின் உறுதியாயிற்று. நம் ஊர் மின்கம்பிகளில் குளிர்காலத்தில் வரிசையாக உட்காரும் தகைவிலான்கள் அவையல்ல. ஆசியாவின் வடபகுதிகளிலிருந்து வருபவை.

அப்புறம் திமொத்தி. அத்தை ஒருவர் இறந்தபின் 1780இல் ஒயிட்டுக்கு வந்து சேர்ந்த நில ஆமை அது. எப்போது மண்ணுக்குள் போகிறது, எப்போது வெளியே வருகிறது, எத்தனை எடை என்று ஆண்டுதோறும் குறித்தார். ஒலிபெருக்கிக் குழலை வைத்து அதன் பக்கத்தில் கத்திப் பார்த்தார், அது கண்டுகொள்ளவில்லை. ஒயிட் இறந்ததற்கு அடுத்த ஆண்டு அதுவும் இறந்தது. அதன் ஓடு லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஓட்டை ஆராய்ந்தவர்கள் அது பெண் ஆமை என்று கண்டார்கள்.

குறிப்பேட்டின் உண்மையான பலம் எதிர்பாராத ஆண்டில்தான் தெரியும். 1783 கோடையில், ஜூன் 23 முதல் ஜூலை 20 வரை, ஊரே ஒரு விசித்திரமான புகைமூட்டத்தில் கிடந்தது என்று ஒயிட் எழுதுகிறார். நடுப்பகல் சூரியன் மேகம் மூடிய நிலாவைப் போல மங்கி, தரையில் துரு நிறத்தில் வெளிச்சம் விழுந்தது. வெக்கை தாங்கவில்லை. அறுத்த இறைச்சி மறுநாளே கெட்டது. ஊரார் பயந்தார்கள். அந்த ஜூன் 8 அன்று ஐஸ்லாந்தில் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து நச்சு வாயுவைக் கக்கத் தொடங்கியிருந்தது, அது ஐரோப்பா முழுக்கப் பரவியது. இன்று அந்தப் புகை எங்கே எப்போது எப்படி இருந்தது என்று ஆராய்கிற விஞ்ஞானிகள் ஒயிட்டின் வரிகளைச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். தேதி போட்டிருந்ததால்தான் அது சான்றானது.

மடாலயமும் யூ மரமும்

புத்தகத்தின் இரண்டாம் பகுதியைப் பிற்காலப் பதிப்பாளர்கள் பலர் தூக்கிவிட்டார்கள். பறவைக்காக வாங்குகிறவர் பழம் பத்திரத்தைப் படிக்கமாட்டார் என்ற கணக்கு. எனக்கு இது பெரிய இழப்பாகத் தோன்றுகிறது. ஒயிட் அவற்றைச் சேர்த்து எழுதியதற்குக் காரணம் இருந்தது.

செல்போர்னில் 1233இல் வின்செஸ்டர் ஆயர் பீட்டர் தெ ரோஷ் நிறுவிய மடாலயம் ஒன்று இருந்தது. இருநூற்றைம்பது ஆண்டுகளில் அது சீரழிந்து, 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் மூடப்பட்டு, சொத்தெல்லாம் மாக்டலென் கல்லூரிக்குப் போயிற்று. ஒயிட்டுக்குப் பங்குக் குரு பதவி கிடைக்காமல் போனதற்குக் காரணமான அதே கல்லூரி! அந்தக் கல்லூரியில் பத்திரமாக இருந்த ஆவணங்களை வைத்துத்தான் ஒயிட் மடாலயத்தின் கதையை எழுதினார். துறவிகள் விதியை மீறியதற்கு ஆயர் கொடுத்த கண்டிப்புகளையும் விடாமல் சேர்த்தார். மடாலயம் இருந்த இடத்தில் அவர் காலத்திலேயே சுவர் என்று சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை. ஊரார் தலைமுறை தலைமுறையாகக் கற்களை எடுத்துப் போய் வேறு வேலைகளுக்குப் பயன்படுத்திவிட்டார்கள். இடிந்த கோட்டைக் கல்லை எடுத்துக் கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டிய ஊர்கள் நமக்கும் தெரியும்.

தேவாலய வளாகத்தில் ஒரு பெரிய யூ மரம் இருந்தது. நெடுங்காலம் வாழும் பசுமை மாறாத மரம் அது. அதன் அடிமரச் சுற்றளவு 23 அடி என்று அவர் அளந்திருக்கிறார். தேவாலயத்தைவிட மரம் பழையதா, ஏன் கல்லறைத் தோட்டங்களில் யூ மரத்தை நட்டார்கள், நிழலுக்கா, வில் செய்வதற்கா என்று யோசிக்கிறார். இதை இயற்கைப் பகுதியில் வைப்பதா, தொல்பொருள் பகுதியில் வைப்பதா? அவர் இரண்டாவதில் வைத்தார். மரமும் ஊரின் பழம்பொருள்தான் என்று அவர் நினைத்தது எனக்கு முழுக்கச் சரி. அந்த மரம் 1990 ஜனவரிப் புயலில் சாய்ந்துவிட்டது.

பக்கத்தில் வூல்மர் என்ற ஏரி. 1740களின் வறட்சியில் அது வற்றியபோது அடியில் ரோமானியச் செப்புக் காசுகள் நூற்றுக்கணக்கில் கிடைத்தன என்று எழுதுகிறார். ஏரியின் பறவைகளைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். நீர் இருக்கும்போது வாத்து, வற்றும்போது காசு; ஏரி ஒன்றுதான்.

ரோமானியக் காசு என்றதும் கொங்கு நாட்டார் காது நிமிரும். 1842இல் கோவைக்குப் பக்கத்து வெள்ளலூரில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர் பக்கமும் ரோமானியப் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த காசுகள் கிடைத்திருக்கின்றன. செல்போர்னுக்கு ரோமானியர் ஆட்சியாளராக வந்தார்கள். இங்கே வந்தது அவர்களுடைய பணம் மட்டும், பச்சைக்கல் என்ற மணிக்கல்லுக்கும் மிளகுக்கும் விலையாக.

மற்ற பாதிரிமார்கள்

ஒயிட் தனி ஆள் இல்லை. வில்லியம் கிர்பி என்ற பாதிரியார் இங்கிலாந்துத் தேனீ இனங்களை வகைப்படுத்தி 1802இல் புத்தகம் எழுதினார். டரம் தேவாலயத்தைச் சேர்ந்த வில்லியம் கிரீன்வெல் பழைய ஈமக் குன்றுகளை நூற்றுக்கணக்கில் தோண்டினார். கிரைம்ஸ் கிரேவ்ஸ் என்ற இடத்தில் குழிகுழியாகக் கிடந்தது கல்லறைகளும் அல்ல, கோட்டையும் அல்ல, புதிய கற்காலத்தார் சிக்கிமுக்கிக் கல் எடுத்த சுரங்கம் என்று 1870 வாக்கில் நிறுவினார். ஆனால் இப்படி வேகமாகத் தோண்டியவர்கள் நிறையவே அழித்தும் இருக்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஒருமுறை தோண்டிய குழியை மறுபடி தோண்ட முடியாது. பறவையைச் சுட்டுக் கையில் எடுத்துப் பார்ப்பதும் அன்று சகஜமாக இருந்தது. அந்தப் பழக்கங்களை நாம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை.

தமிழ்நாட்டுக்கு வந்த பாதிரிமார்களிடமும் இந்தக் குணம் இருந்தது. 1776இல் தரங்கம்பாடிக்கு வந்த ராட்லர், நம் செடிகளைச் சேகரித்து உலர்த்தி ஐரோப்பாவுக்கு அனுப்பிக்கொண்டே தமிழ் அகராதியும் தொகுத்தார். மலையடிவாரங்களில் வளரும் கபிலப்பொடி மரத்துக்குத் தாவரவியலில் அவர் பெயரால் 'ராட்லேரா' என்று சிலகாலம் வழங்கியது. கொங்குப் பகுதியில், சேலத்தில் பணியாற்றிய லண்டன் மிஷன் பாதிரியார் மாரிஸ் பிலிப்ஸ், சேலம் மாவட்டத்துப் பெருங்கற்கால ஈமக் குழிகளைப் பற்றி 1873இல் எழுதினார். கோவை மாவட்டத்துக் கல்வட்டங்களைப் பற்றி 1875இல் எழுதிய வால்ஹவுஸ் பாதிரியார் அல்லர், அரசு அதிகாரி. இவர்களுக்கெல்லாம் இடம் காட்டியது ஆடு மேய்த்தவர்களும் காட்டு வேலை செய்தவர்களுமாகத்தான் இருக்க வேண்டும். "பாண்டியன் குழி" என்று ஊரார் காலங்காலமாகச் சொல்லி வந்த இடங்கள் அவை. இடம் காட்டியவர்களின் பெயர்களை நாம் எழுதும்போது எழுத வேண்டும்.

ஒரு புலிக்குத்திக் கல்

இயற்கையும் பழம்பொருளும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் கொங்கு நாட்டில் அதற்கு மிகச் சிறந்த பாடப்பொருள் புலிக்குத்திக் கல். கோவை, திருப்பூர், ஈரோடு, தர்மபுரி எல்லாப் பக்கமும் இருக்கிறது. வேப்ப மரத்தடியில், வயல் மூலையில், எண்ணெயும் மஞ்சளும் பூசி நிற்கும். பலவற்றில் அமைப்பு ஒன்றுதான். வீரன் பக்கவாட்டில் நிற்பான், கொண்டை ஒரு புறம் சாய்ந்திருக்கும். எதிரே புலி பின்னங்கால்களில் நிமிர்ந்து நிற்கும், வால் மேலே சுருண்டிருக்கும், முன்னங்கால் வீரன் மேல். அவன் கையில் உள்ள ஈட்டியோ வாளோ புலியின் வாயிலோ வயிற்றிலோ இறங்கியிருக்கும். மாட்டுப் பட்டியைக் காக்கப் போய் இறந்தவனுக்கு ஊரார் எடுத்த கல்.

வரலாறு படிக்கிறவர் இதில் கேட்பவை: எழுத்து இருக்கிறதா, உடை எந்தக் காலத்தது, எந்தக் குலத்தார் கும்பிடுகிறார்கள்? சரி. ஒயிட் போன்ற ஒருவர் இன்னும் சில கேள்விகள் கேட்பார். உடம்பில் செதுக்கியிருப்பது வரியா புள்ளியா, அதாவது வேங்கையா சிறுத்தையா? மாடு எங்கே மேய்ந்தது? பக்கத்தில் ஓடை உண்டா? இந்த இடத்திலிருந்து இன்றைய காட்டின் எல்லை எத்தனை தூரம்? காடே கண்ணுக்குத் தெரியாத சமவெளி ஊர்களிலும் இந்தக் கற்கள் நிற்கின்றன. சத்தியமங்கலம் காடு 2013இல் புலிகள் காப்பகமானது. புலி இன்று அந்த மாதிரி மலைக் காடுகளில்தான் இருக்கிறது. ஒரு வட்டாரத்துப் புலிக்குத்திக் கற்களையெல்லாம் வரைபடத்தில் புள்ளி வைத்தால், மேய்ச்சலும் காடும் உரசிக்கொண்ட இடங்கள் எவை என்று பழைய கொங்கைப் பற்றி ஓரளவு ஊகிக்கலாம். கல் இடம் மாறியிருக்கலாம், சிற்பி புலியைப் பார்க்காமலே செதுக்கியிருக்கலாம், ஆகவே எச்சரிக்கையோடுதான் சொல்ல வேண்டும். இருந்தாலும் இந்தக் கேள்வியைக் கேட்க, கல்லும் தெரிய வேண்டும், காடும் தெரிய வேண்டும்.

நொய்யல் கரையில் சென்னிமலைக்குப் பக்கத்துக் கொடுமணலும் இதையே காட்டுகிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வரும் ஊர் அது. 1985லிருந்து அங்கே அகழாய்வுகள் நடந்திருக்கின்றன. தமிழி எழுத்துப் பொறித்த பானை ஓடுகளோடு மணிகள் செய்த பட்டறைகளும் கிடைத்தன. பச்சைக்கல் படியூரிலிருந்து வந்தது, இரும்புக்கு மூலப்பொருள் சென்னிமலைப் பக்கம் கிடைத்தது என்று சொல்ல, எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் மட்டும் போதாது. நிலத்தின் பாறை தெரிந்தவரும் வேண்டும்.

நொய்யல் என்று சொன்னதும் இன்னொரு ஆதங்கம். சாயக் கழிவு கலப்பதற்கு முன் அந்த ஆற்றில் எந்தெந்த மீன் எந்த மாதத்தில் ஏறியது, எந்தத் தடுப்பணையில் எந்தப் பறவை கூடியது என்று ஒரே ஒரு கரையோர ஊரில் ஒருவர் முப்பது ஆண்டு தேதி போட்டு எழுதியிருந்தால், எதை இழந்தோம் என்று இன்று துல்லியமாகச் சொல்ல முடியும். பெரியவர்கள் "அப்பெல்லாம் தண்ணி கண்ணாடி மாதிரி இருக்குமுங்க" என்கிறார்கள். அது உண்மை. ஆனால் கோர்ட்டிலும் ஆய்விலும் அது நிற்காது.

நீங்கள் தொடங்க விரும்பினால்

பாதிரியாராக இருக்க வேண்டியதில்லை. பள்ளி ஆசிரியர், தபால்காரர், பால் சொசைட்டிச் செயலாளர், பூசாரி, தோட்டத்துக்காரர் என்று ஒரே ஊரில் தினமும் நடக்கிற யாரும் இதைச் செய்யலாம். கட்டம் போட்ட நோட்டு ஒன்று. ஒவ்வொரு குறிப்புக்கும் தேதி, நேரம், இடம். நீங்கள் கண்ணால் பார்த்தது ஒரு பக்கம், அப்பாரு சொன்னது இன்னொரு பக்கம், உங்கள் ஊகம் மூன்றாவதாக. மூன்றையும் கலக்காமல் இருப்பதுதான் முக்கியம்.

முதலில் எதை எழுதுவது என்று தயங்கினால் கிணற்றில் தொடங்குங்கள். உங்கள் கிணற்றில் மாதம் ஒருமுறை தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று எழுதுங்கள். ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறு சாதாரணமாகிவிட்ட நாட்டில் அந்த எண்ணுக்கு இன்னும் மதிப்பு அதிகம். அடுத்து, பனை மரங்களைச் சுற்றும் பனை உழவாரன். காய்ந்து தொங்கும் ஓலையின் அடிப்பக்கத்தில் இறகையும் பஞ்சையும் எச்சிலால் ஒட்டிக் கூடு கட்டுகிற பறவை அது. ஒயிட் தம் ஊரில் உழவாரன் ஆண்டுதோறும் எட்டு ஜோடி என்று எண்ணிவைத்தார். உங்கள் ஊரில் எத்தனை பனை நிற்கிறது, எத்தனையில் காய்ந்த ஓலை விட்டிருக்கிறார்கள், எத்தனையில் கூடு? மூன்று எண்களும் ஆண்டுக்கு ஆண்டு எப்படிப் போகின்றன என்று பாருங்கள். கொரங்காடு (வேலி அடைத்த மேய்ச்சல் நிலம்) இருக்கிற ஊர் என்றால் கொழுக்கட்டைப்புல் எந்த மழைக்குப் பின் துளிர்த்தது, வெள்வேல் எப்போது காய்த்தது என்றும் சேர்க்கலாம். பொங்கல் சமயத்தில் 2015 முதல் நடக்கிற பறவைக் கணக்கெடுப்பில் கலந்துகொண்டால் தனியாக இருக்கும் உணர்வு போய்விடும்.

பழம்பொருள் பக்கத்துக்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேடும் புலப்படமும் நல்ல தொடக்கம். ஓடை, பாதை, புறம்போக்கு எல்லாம் அதில் இருக்கும். பின்பு கல் கல்லாகப் போய்ப் படம் எடுங்கள். காலையிலோ மாலையிலோ சாய்வெயிலில் எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும். எழுத்தின்மேல் சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள், கம்பியால் சுரண்டாதீர்கள். எங்கேயும் தோண்டாதீர்கள். உழும்போதோ கிணறு வெட்டும்போதோ காசு, தாழி, சிலை ஏதாவது தட்டுப்பட்டால் அப்படியே விட்டுவிட்டுத் தாலுகா அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி அது கட்டாயம். அதோடு, எடுத்துக் கழுவிய பொருளைவிட மண்ணில் கிடந்த நிலையில் பார்த்த பொருள்தான் ஆய்வாளருக்கு அதிகம் சொல்லும்.

கடைசியாக நோட்டுப் பாதுகாப்பு. ஒயிட்டின் குறிப்பேடுகள் இன்று பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. நம் வீடுகளில் பழைய நோட்டு எடைக்குப் போய்விடும். ஆண்டு முடிந்ததும் பக்கங்களைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு நகலை ஊர் நூலகத்திலோ பள்ளியிலோ கொடுத்துவிடுங்கள். முதல் பக்கத்தில் ஊர், வட்டம், ஆண்டு மூன்றையும் பெரிதாக எழுதுங்கள்.